கலுண்ட்போர்க் நகரின் கழுநீர்ப் பானை

அரிசி களைந்த நீரையும், காய்கறித் தோலையும், எஞ்சிய கஞ்சியையும் கொல்லைப்புறத்தில் ஒரு பானையில் சேர்த்து வைப்பது நம் நாட்டு இல்லங்களில் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். கழுநீர்ப் பானை என்று அதற்குப் பெயர். மாலையில் மாடு அதைக் குடிக்கும்; மாட்டின் சாணம் எருக்குழிக்குப் போகும்; எரு வயலுக்குப் போகும். மாடில்லாத வீட்டிலோ அதே கழுநீர் சாக்கடையில் கலந்து நாறும். பொருள் ஒன்றுதான். அதை ஏற்றுக்கொள்ள அருகில் ஒரு வாய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே அது உணவாகிறது, அல்லது கழிவாகிறது.

மாணவ நண்பர்களே, இந்தப் பானையை மனத்தில் வைத்துக்கொண்டு டென்மார்க் நாட்டிற்குச் செல்வோம். அதன் தலைநகரான கோபன்ஹேகனுக்கு மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில், கலுண்ட்போர்க் என்னும் சிறு துறைமுக நகரம் இருக்கிறது. ஐந்து கோபுரங்கள் கொண்ட பழைய தேவாலயம் ஒன்று அந்நகருக்கு அழகு தருகிறது. ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்தும் பொறியியலாளர்களும் பேராசிரியர்களும் அங்கே சென்று பார்ப்பது தேவாலயத்தை அன்று, குழாய்களை. ஒரு தொழிற்சாலையின் மிச்சத்தை இன்னொரு தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் அவை. அந்த வலையின் நடுவே இருப்பது உயிரித் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பெருந்தொழில். நுண்ணுயிர்களை வேலையாட்களாக வைத்துக்கொண்டு மருந்தும் பிற பொருள்களும் செய்விக்கும் தொழில் அது. அத்தகைய நிறுவனம் தன்னைச் சூழ்ந்துள்ள நீருக்கும் நிலத்திற்கும் காற்றுக்கும் தன்னால் விளையும் கேட்டை எவ்வாறு சமாளிக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நிறுவனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ஆகஸ்ட் க்ரோக் என்ற டேனிய விஞ்ஞானி, 1922-இல் மனைவியுடன் அமெரிக்கா சென்றிருந்தார். மனைவி மரீ க்ரோக் ஒரு மருத்துவர், நீரிழிவு நோயாளியுங்கூட. கனடாவின் டொரான்டோ நகரில் அப்போதுதான் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டு க்ரோக் நாடு திரும்பினார். அதன் பயனாக 1923-இல் நார்டிஸ்க் என்ற நிறுவனம் தோன்றிற்று. அங்கிருந்து பிரிந்த பெடர்சன் சகோதரர்கள் 1925-இல் நோவோ என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் போட்டியிட்ட பிறகு 1989-இல் இரண்டும் ஒன்றாகி நோவோ நார்டிஸ்க் ஆயின. 2000-ஆம் ஆண்டில் என்ஸைம் பிரிவு நோவோஸைம்ஸ் என்ற தனி நிறுவனமாயிற்று. 2024-இல் அது வேறொரு டேனிய நிறுவனத்துடன் சேர்ந்து நோவோனெசிஸ் என்று பெயர் மாறிற்று. பெயர்கள் எத்தனை மாறினாலும் கலுண்ட்போர்க்கின் தொட்டிகளில் நடக்கும் வேலை ஒன்றே: நொதிக்கச் செய்தல்.

இட்லி மாவு இரவில் புளித்துப் பொங்குவதை நாம் அறிவோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவிலுள்ள சத்தைத் தின்று, பெருகி, வாயுவையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. கலுண்ட்போர்க்கில் மாவுக்குப் பதில் சர்க்கரையும் சத்துப்பொருள்களும் கலந்த நீர். பாத்திரத்திற்குப் பதில் மாடி வீடுபோல் உயர்ந்து நிற்கும் எஃகுத் தொட்டிகள். ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் மரபுப் பொருளில் இன்ஸுலினுக்குரிய கட்டளையை விஞ்ஞானிகள் புகுத்தியிருக்கிறார்கள். ஈஸ்ட் தன்போக்கில் வளர்ந்துகொண்டே இன்ஸுலினின் முன்வடிவத்தைச் சுரந்து நீரில் விடுகிறது. வேறு தொட்டிகளில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் என்ஸைம்களை உண்டாக்குகின்றன. பிறகு மருந்தைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்கிறார்கள்.

பிரித்தெடுத்தபின் எஞ்சுவது என்ன? இங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது. நோயாளிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இன்ஸுலின் ஓரிரு மில்லிகிராம் அளவே. அதை உண்டாக்கிய தொட்டியிலோ ஆயிரக்கணக்கான லிட்டர் குழம்பு மிஞ்சுகிறது. அதில் நஞ்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. செத்த ஈஸ்டும் புரதமும் உப்புகளும் நைட்ரஜனும் பாஸ்பரஸுமே உள்ளன. அதனால் தீங்கில்லை என்று எண்ணிவிடலாகாது. சத்துள்ள பொருளே நீர்நிலைக்குப் பகை. அதைக் கடலில் கொட்டினால் பாசி அளவின்றிப் பெருகும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன்கள் மூச்சுத் திணறி மாளும். ரசாயன ஆலையின் கழிவு நஞ்சூட்டிக் கொல்லும் என்றால், நொதித்தல் ஆலையின் கழிவு மிதமிஞ்ச ஊட்டியே கொல்லும்.

டென்மார்க் 1973-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. கழிவுக் குழம்பை நேரே கடலில் விடுவதற்கு இடமில்லாமல் போயிற்று. எரிப்பதோ வற்றச் செய்வதோ பெருஞ்செலவு. அப்போது நோவோ அதிகாரிகள் சுற்றிலும் பார்த்தார்கள். நகரைச் சூழ்ந்திருந்தவை பண்ணைகள். 1976 முதல் அந்தக் குழம்பு எருவாகப் பண்ணைகளுக்குச் செல்லத் தொடங்கிற்று. உழவர் அதற்கு விலை கொடுக்கவில்லை. நிறுவனமே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தது. இதில் தயாளம் ஒன்றும் இல்லை. சட்டத்திற்கு உட்பட்டு நடக்க இருந்த வழிகளில் மிகவும் மலிவானது அதுவாகவே இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஓடும் ஏற்பாட்டைவிடச் சட்டமும் கணக்குப் புத்தகமும் ஒருங்கே தாங்கி நிற்கும் ஏற்பாடு நீடித்து நிற்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் எருவாகக் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்தாக வேண்டும். மரபு மாற்றப்பட்ட உயிர் எதுவும் தொட்டியைவிட்டு உயிருடன் வெளியேறலாகாது. ஆகவே குழம்பைச் சூடேற்றியும் சுண்ணாம்பு சேர்த்தும் அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறார்கள். மரபு மாற்றத்தை ஒழுங்குபடுத்தவென்றே தனிச்சட்டம் இயற்றிய முதல் நாடுகளின் வரிசையில் டென்மார்க் நிற்கிறது, ஆண்டு 1986. மக்கள் அந்நாளில் புதிய விஞ்ஞானத்தை ஐயத்தோடு பார்த்தார்கள். கண்டிப்பான சட்டம் கம்பெனிக்கு இடையூறு என்று தோன்றலாம். உண்மையில் அதுவே கம்பெனி அண்டை அயலாரிடம் நம்பிக்கை பெறுவதற்கும் துணை நின்றது.

அதே 1986-ஆம் ஆண்டில் வேறொன்றும் நடந்தது. டென்மார்க்கின் கிழக்கே கட்டெகாட் கடலில் மீனவர்கள் இழுத்த வலைகளில் செத்த இறால் இனங்கள் குவிந்தன. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைக் கண்ட நாடே திடுக்கிட்டது. நிலத்திலிருந்து கடலுக்கு வடியும் நைட்ரஜனே காரணம் என்று கண்டார்கள். 1987-இல் நீர்நிலைகளைக் காப்பதற்குத் திட்டம் வகுத்து, நைட்ரஜனைப் பாதியாகவும் பாஸ்பரஸை ஐந்தில் ஒரு பங்காகவும் குறைக்க வேண்டுமென்று பார்லிமெண்டு முடிவு செய்தது. எருவை எப்போது இடலாம், எவ்வளவு இடலாம், குளிர்காலத்தில் எங்கே சேமித்து வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் வந்தன. கடலில் கொட்டாமல் வயலில் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்திற்கு இது முற்றுப்புள்ளி வைத்தது. பயிர் உண்ணும் அளவுக்கு மேல் இட்ட எரு மழைநீரோடு ஓடி மறுபடியும் அதே கடலுக்குத்தான் போய்ச் சேரும். மாடு குடிக்கும் அளவுக்கு மேல் கழுநீர் நிறைந்தால் பானை வழியத்தானே செய்யும்?

குழம்பு ஒருபுறம் இருக்க, இன்ஸுலின் தந்து முடித்த ஈஸ்டின் கதை சுவையானது. அதில் புரதம் மிகுதி. எனவே அதைக் கொன்று, சர்க்கரை நீரும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்த்துப் பன்றிகளுக்குத் தீவனமாக்கினார்கள். டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகளே மிகுதி என்பதால் உண்ணும் வாய்களுக்குக் குறைவில்லை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1920-களிலிருந்து அறுபது ஆண்டுகள் இன்ஸுலின் எடுக்கப்பட்டதே கசாப்புக் கூடத்துப் பன்றிகளின் கணையத்திலிருந்துதான். 1987-இல் ஈஸ்டிலிருந்து மனித இன்ஸுலின் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை பன்றியிடம் வாங்கியவர்கள் அதன்பின் பன்றிக்குக் கொடுக்கலானார்கள்!

இனி நெருப்பின் பக்கம் திரும்புவோம். நொதித்தலுக்கும் தூய்மை செய்வதற்கும் நீராவி ஏராளமாக வேண்டும். கலுண்ட்போர்க்கில் 1959 முதல் ஆஸ்நேஸ் என்ற மின்சார நிலையம் இயங்கிவந்தது. நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் மின்சாரமாகாமல் கடலில் கலந்து வீணாயிற்று. 1981-இல் அந்த வெப்பத்தை நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே அனுப்பத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 3,500 வீடுகளில் எண்ணெய் உலைகள் அணைந்தன. 1982-இல் நோவோ ஆலைக்கும் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் நீராவி சென்றது. புகையிலிருந்த கந்தகத்தைச் சுண்ணாம்பால் பிடித்து உண்டாக்கிய ஜிப்சம், 1993 முதல் சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்குப் போயிற்று. தண்ணீரிலும் இதே சிக்கனம்: நிலத்தடி நீர் அரிதாகையால் டிஸ்ஸோ என்ற ஏரியின் நீரைக் குழாயில் கொணர்ந்து, ஒருவர் பயன்படுத்திய நீரை இன்னொருவர் பயன்படுத்தினார்கள்.

இவற்றையெல்லாம் திட்டக் கமிஷன் எதுவும் வகுக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. சிறிய ஊர்; ஆலை மேலாளர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இருவருக்கும் இலாபம் உண்டா என்று பார்த்து, ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். தாங்கள் ஒரு பெரிய வலையைப் பின்னியிருப்பது அவர்களுக்கே நெடுநாள் முழுமையாகத் தெரியவில்லை. 1980-களின் இறுதியில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் சிலர் விஞ்ஞானப் பாடத்திற்காக ஊரிலுள்ள குழாய்த் தொடர்புகளையெல்லாம் காட்டும் மாதிரி ஒன்று செய்தார்களாம். உங்களை ஒத்த வயதினர்! ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்த ஏற்பாட்டிற்குக் கூட்டுயிர் வாழ்வு என்று பொருள்படும் பெயர் வழங்கத் தொடங்கிற்று.

இந்தப் புகழுரைகளைக் கேட்கும்போது மறவாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எல்லாருடைய குழாயும் ஒரே நிலக்கரி உலையில் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? மிச்சத்தை நம்பி வாழப் பழகியவர்களுக்கு மிச்சம் நின்றுபோவது துன்பம். நிலக்கரிப் புகையால் பூமி சூடேறுகிறது என்று தெளிவான பிறகும், அந்த உலையை அணைத்தால் நகரத்து வீடுகள் குளிரும். இன்ஸுலின் தொட்டிகள் நிற்கும். சிக்கனத்திற்காகப் பூட்டிய குழாயே நாளடைவில் காலில் பூட்டிய சங்கிலியாகும் ஆபத்து இருந்தது. 2017-இல் மின்சார நிலையத்தாரும் நோவோ நார்டிஸ்க், நோவோஸைம்ஸ் நிறுவனங்களும் நகராட்சியின் வெப்ப நிலையமும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டு, மரச்சில்லு எரிக்கும் புதிய கொதிகலனுக்கு வழி செய்தார்கள். அது 2020-இல் இயங்கலாயிற்று. நிலக்கரி நின்றது, நிலக்கரிப் புகையிலிருந்து கிடைத்த ஜிப்சமும் அதோடு நின்றது. பலகை ஆலை வேறு வழி தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. மரச்சில்லும் குறையற்றதன்று, எந்தக் காட்டிலிருந்து வருகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்கிறதா என்ற விசாரணை அதற்குத் தேவை. கழிவுக் குழம்பும் புதிய வழி கண்டது. 2018-இல் திறக்கப்பட்ட நிலையத்தில் அதை அழுகவைத்து, எரிவாயு பிரித்து நாட்டின் எரிவாயுக் குழாயில் சேர்க்கிறார்கள். எஞ்சுவது முன்போலவே வயலுக்கு எருவாகிறது.

தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மதிலுக்கு வெளியே மட்டும் இல்லை என்பதையும் இடையே சொல்லவேண்டும். 1960-களில் சலவைத் தூளில் என்ஸைம் சேர்க்கும் வழக்கம் பரவிற்று. கறை நீக்குவதில் அது கெட்டிக்காரப் பொருள். குளிர்ந்த நீரிலேயே துவைக்க உதவுவதால் எரிபொருளும் மிச்சம். ஆனால் அந்தத் தூசியை மூச்சோடு இழுத்த சலவைத்தூள் ஆலைத் தொழிலாளருக்கு மூச்சுநோய் வந்தது. அந்தச் செய்தி பரவியதும் 1970-ஐ ஒட்டி நோவோவின் விற்பனை சரிந்தது. என்ஸைமைத் தூசி பறக்காத சிறு மணிகளாக உருட்டி, மேலே பூச்சுப் பூசி விற்கும் முறையைக் கண்ட பிறகே தொழில் மறுபடி நிமிர்ந்தது. வாங்குபவன் வீட்டில் மிச்சமாகும் எரிபொருளைச் சொல்லிக் கம்பெனிகள் பெருமைப்படுவது உண்டு. பெருமைக்கு இடமும் உண்டு. அதற்காகத் தன் ஆலையில் தொழிலாளி இழுக்கும் மூச்சையோ, தன் புகைபோக்கியின் கணக்கையோ அதில் கழித்துக்கொள்வதற்கு இடமில்லை.

கணக்கு என்றதும் இந்தப் பொருளின் கடினமான முடிச்சுக்கு வருகிறோம். 1994-இல் நோவோ நார்டிஸ்க் தன் முதல் சுற்றுச்சூழல் அறிக்கையை வெளியிட்டது. எவ்வளவு நீர் குடித்தோம், எவ்வளவு ஆற்றல் எரித்தோம், எவ்வளவு கழிவு விட்டோம் என்று ஒரு கம்பெனி தானே ஊரறியச் சொல்வது அந்நாளில் புதுமை. ஆனால் எண்களை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒரு கிலோ மருந்துக்கு இவ்வளவு நீர் என்று சொன்னால் ஆண்டுதோறும் அந்த எண் குறைந்துகொண்டே வரும், கேட்க இனிக்கும். அதே வேளையில் உற்பத்தி மும்மடங்கானால் மொத்த நீர் பெருகிக்கொண்டே போகும். ஏரிக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

2006-இல் இந்நிறுவனம் உலக இயற்கை நிதியத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட கரியமில வாயுவின் அளவிலிருந்து 10 சதவீதத்தை 2014-க்குள் குறைப்பது என்பது அதன் சாரம். ஒரு கிலோவுக்கு அன்று, மொத்தத்தில். தொழில் வளர வளர இந்த வாக்கைக் காப்பது கடினம் என்பது கணக்கறிந்த யாருக்கும் விளங்கும். வழி என்ன? மின்சாரத்தை மிச்சப்படுத்தினார்கள், மிச்சமான பணத்தைக்கொண்டு காற்றாலை மின்சாரம் வாங்க 2007-இல் ஒப்பந்தம் செய்தார்கள். வட கடலில் 91 காற்றாலைகளோடு 2009-இல் திறக்கப்பட்ட ஹார்ன்ஸ் ரெவ் இரண்டாம் நிலையத்திலிருந்து அந்த மின்சாரம் வந்தது. சிக்கனத்தால் வந்த பணத்தைச் செலவிட்டுவிடாமல் அடுத்த சீர்திருத்தத்திற்கு முதலாக்கிய இந்த முறையைப் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் ஊன்றி நோக்கலாம்.

பிறகு வந்தது எவரும் எதிர்பாராத வளர்ச்சி. நீரிழிவுக்கெனக் கண்ட செமாக்ளுடைடு என்ற மருந்து உடற்பருமனையும் குறைக்கும் என்று தெரிந்து, 2021 முதல் உலகெங்கும் அதற்குப் பெருந்தேவை உண்டாயிற்று. அதுவும் ஈஸ்ட் தொட்டியில் பிறப்பதே. 2023 நவம்பரில் கலுண்ட்போர்க் ஆலைகளை விரிவாக்க 42 பில்லியன் குரோனருக்கு மேல் முதலீடு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பதினாறு பதினேழாயிரம் பேர் வாழும் ஊருக்கு அது எத்தகைய நிகழ்ச்சி என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வேலை கிடைக்கிறது. நோயாளிக்கு மருந்து கிடைக்கிறது. ஆனால் கட்டடங்களுக்கு வேண்டிய சிமெண்டும் எஃகும், தொட்டிகளுக்கு வேண்டிய சர்க்கரையும், ஏற்றுமதிக்கு வேண்டிய போக்குவரத்தும் எல்லாம் சேர்ந்து, நிறுவனத்தின் மொத்தக் கரியமில வாயுக் கணக்கு மறுபடி மேலேறியதை அதன் சொந்த அறிக்கைகளே காட்டின. ஆலைக்குள் எரிவது காற்றாலை மின்சாரமாக இருந்தும் இந்த நிலை. பிறர் ஆலையில் பிறக்கும் புகையும் வாங்குபவனுடைய கணக்கில் ஏறவேண்டும் என்ற புதிய கணக்கு முறையால்தான் இது வெளிப்பட்டது. மருந்தைச் செய்யாதே என்று யாரும் சொல்ல இயலாது. இன்ஸுலின் இல்லாமல் சில நாட்கூட வாழ முடியாதவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே எவ்வளவு செய்வது என்பதைவிட, செய்பவர் தம் எண்ணத்தின்படி வளரும்போது ஏரியும் கடலும் எவ்வளவு தாங்கும் என்பதை யார் அளந்து சொல்வது என்பதே கேள்வி.

கடைசியாக ஒரு சிறு பொருள். இன்ஸுலினை நோயாளிகள் இப்போது பேனா வடிவமான பிளாஸ்டிக் கருவியால் ஏற்றிக்கொள்கிறார்கள். உள்ளே கண்ணாடிக் குப்பி, உலோகச் சுருள், பலவகைப் பிளாஸ்டிக். மருந்து தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டியதுதான். ஈஸ்டைப் பன்றி உண்ணும்; குழம்பைப் பயிர் உண்ணும்; இந்தப் பேனாவை உண்ணும் வாய் இயற்கையில் இல்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் ஆலையைவிட்டுச் செல்லும் இவற்றுள் பெரும்பாலானவை வீட்டுக் குப்பையோடு சேர்ந்து எரிகின்றன அல்லது புதைகின்றன. 2020-இல் நிறுவனம் டென்மார்க்கில் ஒரு சோதனையைத் தொடங்கிற்று. மருந்துக் கடையில் பை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். தீர்ந்த பேனாக்களை அதில் சேர்த்து, அடுத்த மருந்து வாங்க வரும்போது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிறகு அவற்றைப் பிரித்து, பிளாஸ்டிக்கைக்கொண்டு நாற்காலியும் விளக்கும் செய்து பார்த்தார்கள். பின்னர்ப் போட்டிக் கம்பெனிகளும் அந்நாட்டில் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தன. குழாய் போட்டு இணைக்க இங்கே அண்டை ஆலை இல்லை. நோயாளி ஒவ்வொருவரும் தம் கையால் பையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைவரை நடக்க வேண்டியிருக்கிறது.